பாம்புக்கடி: ஊருக்குள்ள என்ன சொன்னா எடுபடுது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கரும்புக்காடு | ஜூன் 8, இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கம். விழுப்புரம் மாவட்டத்துல ஆத்தோரமா இருக்கிற ஊர் எங்களோடது. நெல்லு, கரும்பு, மல்லாட்டை. நானூறு வீடு இருக்கும்.

போன ஐப்பசியில எங்க பக்கத்து வீட்டு அக்கா பாம்பு கடிச்சு இறந்தாங்க. பாம்பு கடிச்சதுன்னே அவங்களுக்கும் தெரியாது, வீட்டுல யாருக்கும் தெரியாது. தரையில பாய் போட்டுப் படுத்திருந்தவங்க விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து வயிறு வலிக்குதுன்னாங்க. ஓமத்தண்ணி வெச்சுக் கொடுத்தாங்க. அஞ்சு மணிக்குக் கண்ணு சொருகிச்சு. ராத்திரி தூங்கலையே, தூங்கட்டும்னு படுக்க வெச்சாங்க. பேச்சு குழறினப்பதான் பயந்து ஆட்டோவுக்கு ஓடினாங்க. வழியிலேயே மூச்சு நின்னுடுச்சு. அவங்க படுத்திருந்த பாயைச் சுருட்டினா அடியில கட்டுவிரியன். கடிவாயைத் தேடித் தேடிப் பார்த்தோம், கண்ணுக்கே தெரியலை.

அந்தப் பாயைச் சுருட்டினது நான். அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியலை. ஊர்ல பதினொரு பேர் சேர்ந்தோம். காலேஜ் பசங்க, மகளிர் குழு அக்காமாருங்க, டிராக்டர் ஓட்டுற ஒரு அண்ணன். எங்கள்ல யாரும் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுப் படிச்சுக்கிட்டு வந்து ஊருக்குச் சொல்லலாம்னு ஆரம்பிச்சோம்.

ரெண்டு தடவை முயற்சி பண்ணோம். ரெண்டும் சரியா வரலை. ஸ்கூல்ல புரொஜெக்டர் வெச்சுக் கூட்டம் போட்டோம். பதினாலு பேர் வந்தாங்க, அதுல ஒன்பது பேர் சின்னப் பசங்க. அடுத்தது மாரியம்மன் திருவிழாவுல நாடகம். மந்திரிக்கிறவர் வேஷம் போட்ட பையன் உடுக்கை அடிச்சுக் காசு கேக்கறான், கடிபட்டவன் செத்துப்போறான். ஜனங்க சிரிச்சாங்க. ஆனா எங்க ஊர்ல நெசமாவே பாடம் போடுற, அதாவது பாம்புக்கடிக்கு மந்திரிக்கிற பெரியவர் முன்னாடி உட்கார்ந்திருந்தார். பாதியில எழுந்து துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டார். அவங்க தெரு ஜனமும் பின்னாடியே எழுந்து போயிடுச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்தத் தெருவுல எங்களை வாங்கன்னு கூப்பிட ஆள் இல்லை.

மழைக்காலத்துக்குள்ள ஏதாவது உருப்படியா செய்யணும். இந்த மாதிரி வேலை பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க.

நர்ஸக்கா | ஜூன் 8, இரவு 11:15

தம்பி, கிராம சுகாதார செவிலியரா 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவ நான். உங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்தது எனக்குப் புதுசு இல்லை. கட்டுவிரியன் கடி கொசு கடிச்ச மாதிரி கூட இருக்காது. தரையில படுத்து எழுந்தவங்களுக்கு நடுராத்திரியில வயித்து வலி, வாந்தி, கண் இமை தொங்குறது, எச்சில் முழுங்க முடியாதது, இதுல எது வந்தாலும் பாம்பைப் பார்க்கலைன்னாலும் பாம்புக்கடின்னே நினைச்சுக் கிளம்பணும். உங்க ஊர்ல நீங்க சொல்லவேண்டிய முதல் விஷயம் இதுதான்.

கூட்டத்துக்கு ஜனங்க வரமாட்டாங்க. நீங்கதான் அவங்க உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போகணும். நூறு நாள் வேலையில கையெழுத்து போட்டுட்டு மரத்தடியில உட்கார்ந்திருக்கிற நேரம், பால் ஊத்துற இடம், ரேஷன் கடை வரிசை. அஞ்சே நிமிஷம் பேசுங்க, படம் எல்லாம் வேணாம். நான் ஒரு துண்டும் ஒரு அடி ஸ்கேலும் கொண்டு போவேன். அங்க இருக்கிற ஒரு சின்னப் பொண்ணை உட்கார வெச்சு, எலும்பு முறிஞ்சா கட்டுற மாதிரி கால்ல ஸ்கேலை வெச்சுத் துண்டால சுத்துவேன். இறுக்காம, ரெண்டு விரல் உள்ள போற மாதிரி. அப்புறம் அந்தப் பொண்ணோட அம்மாவையே கட்டச் சொல்லுவேன். கையால ஒரு தடவை கட்டினவங்க மறக்கமாட்டாங்க.

கயிறு கட்டாதீங்க, பிளேடால கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க, ஐஸ் வைக்காதீங்க. இதை எல்லாரும் சொல்லுவாங்க. யாரும் சொல்லாத ஒண்ணு: மெட்டி, கொலுசு, மோதிரம், வளையலை உடனே கழட்டணும். விரியன் கடிச்சு வீங்கின கால்ல மெட்டி சதைக்குள்ள புதைஞ்சு, அதை வெட்டி எடுக்க ஒரு மணி நேரம் போராடினதை நான் கூட இருந்து பார்த்தேன். கால்ல கடிச்சா மெட்டியைக் கழட்டவே நம்ம பொம்பளைங்க யோசிப்பாங்க, புருஷன் உயிருக்கு ஆகாதுன்னு. அதனால இந்த விஷயத்தை மாமியார்க்காரிகளைக் கூட வெச்சுக்கிட்டுப் பேசுங்க.

கடிபட்டவங்களை நடக்க விடாதீங்க, ஓட விடாதீங்க. பயத்துல துடிப்பாங்க. பக்கத்துல ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். வாந்தி எடுத்தா இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.

பச்சிலை | ஜூன் 9, காலை 6:40

கரும்புக்காடு தம்பிக்கு, கொஞ்சம் காட்டமாவே சொல்றேன். எங்க அப்பா நாப்பது வருஷம் பாடம் போட்டவர். ஒத்தைப் பைசா வாங்கினதில்லை. வாங்கினா பலிக்காதுன்னு நம்பினவர். ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து, குளிச்சுட்டு, வேப்பிலையை எடுத்துக்கிட்டு உட்காருவார். அவரை மாதிரி ஒருத்தரை மேடையில காசு பிடுங்குறவனா காட்டினா எந்தத் தெரு உங்களை உள்ள விடும்?

அவரும் சோதனை வெச்சுத்தான் பார்ப்பார். சிறியாநங்கை இலையைக் கொடுத்து மெல்லச் சொல்லுவார். கசந்தா விஷம் ஏறலைன்னு அர்த்தம், இனிச்சா ஏறிடுச்சுன்னு அர்த்தம். சில பேருக்கு மிளகு கொடுத்துக் காரம் தெரியுதான்னு கேப்பார். எத்தனையோ பேர் நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க. அதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

ஊர் ஜனத்துக்கு ராத்திரியில கதவைத் திறக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான் இருந்தார். ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டர். அதை நினைச்சுப் பார்த்துட்டுப் பேசுங்க.

இரவுப்பணி | ஜூன் 9, மதியம் 2:05

அரசு மருத்துவமனையில் பணிபுரியும் மருத்துவர் நான். பச்சிலை ஐயா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பிழைத்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஏன் பிழைத்தார்கள் என்பதுதான் விஷயம். நம்ம ஊரில் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விஷமே கிடையாது. சாரை, தண்ணிப்பாம்பு, மண்ணுளி. விஷப்பாம்பு கடித்தாலும் பல சமயம் விஷத்தை இறக்காமல் வெறும் பல் மட்டும் பதியும். இந்த ரெண்டு வகையிலும் பாடம் போட்டாலும் பிழைப்பார்கள், போடாவிட்டாலும் பிழைப்பார்கள். இலையின் ருசியை வைத்து இவர்களைப் பிரித்தெடுக்க முடியாது. மீதிப் பேருக்குத்தான் பாடம் போடுவதில் போகும் அந்த ஒரு மணி நேரம் உயிரைக் கொண்டுபோகிறது.

நாங்கள் பிரித்தெடுப்பது இப்படி: 2 மில்லி ரத்தத்தை எடுத்து, புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைப்போம். பிறகு சாய்த்துப் பார்த்தால் உறையாமல் தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயாக இருந்தால் முடிவு தப்பாகிவிடும். இவ்வளவு எளிமையான சோதனை. ஆனால் 20 நிமிடம் வேண்டும். அந்த 20 நிமிடம் கையில் இருக்கும்போதே எங்களிடம் வந்து சேர வேண்டும்.

விஷம் ஏறியது உறுதியானால் விஷமுறிவு மருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அதனால் பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். வழக்கமாக 8 முதல் 10 குப்பியில் தொடங்குவோம். குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். சிலருக்கு மருந்து ஒத்துக்கொள்ளாமல் நடுக்கம், தடிப்பு, மூச்சுத்திணறல் வரும். அதைச் சமாளிக்க அட்ரினலின் ஊசி தயாராக வைத்திருப்போம். ஆஸ்பத்திரியில்தான் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கட்டுவிரியன் கடித்தவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என் பணியில் ஒரு பையன் வந்தான். இமை மூடிவிட்டது, கை கால் அசையவில்லை, மூச்சு நின்றுகொண்டிருந்தது. குழாய் போட்டு மூச்சுக் கருவியில் இணைத்தோம். வெளியே உறவினர்கள் போய்விட்டான் என்று அழத் தொடங்கிவிட்டார்கள். அவன் காதருகே குனிந்து, 'நான் பேசுவது கேட்டால் கால் கட்டைவிரலை ஆட்டு' என்றேன். ஆட்டினான். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தான். அந்த நிலையில் வரும் ஒருவருக்குக் காது கேட்கும், வலி தெரியும், எல்லாம் புரியும். மூச்சு மட்டும் நாம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வழியிலேயே இறந்துவிட்டார் என்று முடிவு செய்து திருப்பிக் கொண்டுபோகப்பட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் வராது.

பச்சிலை | ஜூன் 9, மாலை 5:30

டாக்டர் பொறுமையா சொன்னதுக்கு நன்றி. நான் முன்னாடி எழுதாம விட்ட ஒண்ணைச் சொல்றேன். எங்க அப்பாவையே ஒரு தை மாசம் கண்ணாடி விரியன் கடிச்சது, வைக்கப்போர்ல. அவர் தனக்குத்தானே பாடம் போட்டுக்கலை. 'பெரியாஸ்பத்திரிக்கு வண்டியைக் கட்டு'ன்னுதான் சொன்னார். 'மத்தவங்களுக்கு மட்டும் ஏன் போடறே'ன்னு அம்மா கேட்டதுக்கு, 'வர்றவனுக்கு வேற போக்கு இல்லையே'ன்னார்.

தம்பி, அந்தப் பெரியவர்கிட்டப் போய் மன்னிப்பு கேளுங்க. கேட்டுட்டு, என்ன செய்யலாம்னு அவரையே கேளுங்க. நீங்க போய் அவருக்குப் பாடம் நடத்தாதீங்க.

கதிர்அரிவாள் | ஜூன் 9, இரவு 8:12

மன்னிக்கணும், எனக்கு இதுல உடன்பாடு இல்லை. என் தங்கச்சியைப் பாம்பு கடிச்சப்ப அவளுக்குப் பத்து வயசு. மந்திரிக்கிற இடத்துல ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சிருந்தாங்க. பல் ஈறுல ரத்தம் வர ஆரம்பிச்ச பிறகுதான் விட்டாங்க. ஆஸ்பத்திரியில மூணு வாரம் டயாலிசிஸ் பண்ணியும் காப்பாத்த முடியலை. மரியாதை, மரியாதைன்னு நாம பேசிக்கிட்டிருக்கிற நேரத்துல குழந்தைங்க போகுது. நேரடியா 'அங்க போகாதே'ன்னு சொல்றதுல என்ன தப்பு?

நர்ஸக்கா | ஜூன் 9, இரவு 9:03

கதிர், உங்க தங்கச்சியை நினைச்சா மனசு ஆறலைப்பா. தப்பு இல்லை. நானும் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அப்படித்தான் சொன்னேன். 'அங்க போகாதே'ன்னு மட்டும் சொன்னா, எனக்குத் தெரியாம போவாங்க. ராத்திரியில வண்டி கிடைக்காத வீட்டுக்கு அஞ்சு வீடு தள்ளி இருக்கிறவர்தான் ஞாபகம் வருவார். அவரே 'முதல்ல வண்டியில ஏறு'ன்னு சொன்னா ரெண்டு மணி நேரம் ரெண்டு நிமிஷமா சுருங்கும். நான் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சிகளோட அப்படித்தான் வேலை செஞ்சேன். அவங்களைத் திட்டின வருஷம் ஒரு கேஸும் எனக்கு வரலை. கூட உட்கார்ந்து டீ குடிச்ச வருஷத்துல இருந்து அவங்களே கூட்டிக்கிட்டு வந்தாங்க.

சாரை | ஜூன் 10, காலை 10:20

பாம்பு பத்தி மட்டும் நான் சொல்றேன். அடையாளம் சொல்லிக்கொடுக்கும்போது நாலு பாம்பு படத்தையும் காட்டிட்டு விட்டுடாதீங்க. ஜனங்க ஏமாந்து போற இடத்தைச் சொல்லுங்க. கண்ணாடி விரியன் குட்டியை மலைப்பாம்புக் குட்டின்னோ மண்ணுளின்னோ நினைச்சுக் கையில எடுக்கறாங்க. கட்டுவிரியன் பகல்ல சுருண்டு அசமந்தமா கிடக்கும், அதைப் பார்த்துட்டு 'இது ஒண்ணும் பண்ணாது'ன்னு நினைக்கிறாங்க. ராத்திரியில அது வேற பாம்பு. தலையை நசுக்கின பாம்பைக் கையால தூக்காதீங்க, செத்த தலையும் கொஞ்ச நேரம் கடிக்கும். முடிஞ்சா தள்ளி நின்னு போன்ல ஒரு படம் எடுங்க, முடியலைன்னா விட்டுடுங்க.

இன்னொண்ணு. உங்க மாவட்டத்துல இருளர் குடியிருப்பு நிறைய இருக்கு. நம்ம நாட்டுல விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்துல பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துல இருந்துதான் போகுது. 1978-ல ஆரம்பிச்சது. பாம்பைப் பிடிச்சு, சில வாரம் பானையில வெச்சு விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுலயே விட்டுடுவாங்க. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. உங்க பக்கத்து இருளர் ஒருத்தரைக் கூப்பிட்டு, ஒரு நாள் கூலியைக் கையில கொடுத்து, வைக்கப்போர், எலி வளை, விறகு அடுக்கு எல்லாத்தையும் சுத்திக் காட்டச் சொல்லுங்க. எந்த வீட்டுல எங்க பாம்பு தங்கும்னு அவங்க நடந்துக்கிட்டே சொல்லிடுவாங்க. தயவுசெஞ்சு இலவசமா வரச்சொல்லாதீங்க.

மகளிர்குழு கணக்கு | ஜூன் 10, மதியம் 1:45

காலுக்கு பூட்ஸ் போடுங்கன்னு எல்லா நோட்டீஸ்லயும் போட்டிருக்கு. நடவுல, களையெடுப்புல முழங்கால் சேத்துல நிக்கிறவளுக்கு பூட்ஸ் எப்படி? சேறு உறிஞ்சிக்கும், காலை எடுக்க முடியாது. அறுப்புக்கும் கரும்பு வெட்டுக்கும் சரி, நடவுக்கு ஆகாது. இதைப் பேசுறவங்க ஒரு நாள் சேத்துல இறங்கிப் பார்த்துட்டுப் பேசினா நல்லா இருக்கும்.

எங்க குழுவுல நாங்க செஞ்சது: குழு சேமிப்புல இருந்து மொத்தமா கொசுவலை வாங்கி, மாசத் தவணையில கொடுத்தோம். கட்டில் இல்லாத வீட்டுக்கு வலை போதும். ஆனா வலையோட ஓரத்தைப் பாய்க்கு அடியில சொருகணும், சும்மா தொங்க விட்டா பாம்பு உள்ள வந்துடும். இதைச் சொல்லித் தர்றதுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வீடு வீடா போனோம். பகல்ல சொன்னா தலையாட்டுவாங்க. ராத்திரி போய்ப் பார்த்தாத்தான் யார் எப்படிப் படுக்கிறாங்கன்னு தெரியும்.

டார்ச்சு வாங்கித் தந்தோம். அதைவிட முக்கியமானது, இருட்டுல காட்டுப்பக்கம் ஒதுங்குற பொம்பளைங்க டார்ச்சு அடிக்க மாட்டாங்க, ஆள் இருக்கிறது தெரிஞ்சுடும்னு கூச்சம். கழிவறை கட்டி அதுல தண்ணி வராம பூட்டிக் கிடந்த பதினெட்டு வீட்டுக்குத் தண்ணி வேணும்னு கிராம சபையில ரெண்டு தடவை மனு கொடுத்தோம். பாம்புக்கடி வேலைன்னு ஆரம்பிச்சா அது கழிவறைத் தண்ணியில வந்து நிக்கும். சொல்லி வெக்கிறேன்.

வன்னிப்பெடியன் | ஜூன் 11, இரவு 7:30

நான் இலங்கையில வவுனியாப் பக்கம். நீங்கள் கண்ணாடி விரியன் எண்டு சொல்லுறதை எங்கட ஆக்கள் புடையன் எண்டுதான் சொல்லுவினம். வயல் வெட்டுக் காலத்தில அதுதான் பெரிய பயம். எங்கட நாட்டுக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலயிருந்துதான் வருது. ஆனா இஞ்ச கூடக் கடிக்கிற குழிவிரியன் ஒண்டு இருக்கு, அதுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. அதால பெடியளுக்கு நாங்கள் சொல்லுறது, ஆஸ்பத்திரிக்குப் போனாப்போல எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்க வேண்டாம், ஒரு நாளாவது வார்டில இருந்து பார்க்க விடுங்கோ எண்டு. 'ஒண்டும் செய்யேல்லை' எண்டு கையெழுத்து வைச்சிட்டு வீட்ட வந்து, இரவு சலம் (சிறுநீர்) போகாமல் திரும்பி ஓடின ஆக்களை எனக்குத் தெரியும்.

இரவுப்பணி | ஜூன் 11, இரவு 10:18

மிகச் சரி. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தக் குழிவிரியன் உண்டு.

ஊர்சுற்றி மாணவி | ஜூன் 12, காலை 9:10

பொது சுகாதாரம் படிக்கிறேன். இதையெல்லாம் படித்தபோது நேபாளத்தில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. கிழக்கு நேபாளத்தில் டமாக் என்று ஒரு ஊர், தராய் சமவெளியில். நம்ம ஊர் மாதிரியே நெல் வயல், கட்டுவிரியன், நாகம். அங்கே நாலு கிராமங்களில் ரெண்டு வேலை மட்டும் செய்தார்கள். ஒன்று, பாம்புக்கடி பற்றி ஊர்மக்களிடம் பேசுவது. ரெண்டாவது, பைக் வைத்திருக்கும் ஊர்க்காரர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, யாரையாவது பாம்பு கடித்தால் உடனே பைக்கில் ஏற்றி சிகிச்சை மையத்தில் சேர்ப்பது. கடிபட்டவர் நடுவில், பின்னால் ஒருத்தர் பிடித்துக்கொள்வார். கடிபட்டவர்களில் இறந்தவர்கள் 10.5 சதவீதமாக இருந்தது 0.5 சதவீதமாக இறங்கியது. புது மருந்து எதுவும் வரவில்லை. வண்டி யாருடையது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்ததாக வீடு வீடாக விசாரித்து எடுத்த மரணக் கணக்கிலிருந்து மதிப்பிட்டிருக்கிறார்கள். வருடத்துக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலானவர்கள் ஆஸ்பத்திரியில் இல்லை, கிராமத்தில் வீட்டிலேயே இறந்தவர்கள். அதனால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர்கள் இல்லவே இல்லை. கரும்புக்காடு அண்ணா சொன்ன அக்காவும் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்.

2024 மார்ச்சில் மத்திய அரசு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது, 2030-க்குள் மரணங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று. 2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியார் ஆஸ்பத்திரியும் கணக்குக் கொடுக்க வேண்டும். நீங்களும் உங்கள் ஊருக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கடி, எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும்.

கரும்புக்காடு | ஆகஸ்ட் 3, இரவு 10:30

ரெண்டு மாசமா எழுத முடியலை. நீங்க எல்லாரும் சொன்னதை எடுத்துக்கிட்டு வேலையில இறங்கிட்டோம்.

முதல்ல பெரியவர் வீட்டுக்குப் போனேன், தனியா. திண்ணையில உட்கார்ந்து கயிறு திரிச்சுக்கிட்டிருந்தார். உட்காருன்னு சொல்லலை. நின்னுக்கிட்டே, 'தாத்தா, நாடகத்துல செஞ்சது தப்பு, மன்னிச்சுடுங்க'ன்னேன். கயிறைத் திரிச்சுக்கிட்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, 'நான் எவன்கிட்ட காசு வாங்கினேன்?'னு கேட்டார். 'யார்கிட்டயும் வாங்கலை, எங்க எல்லாருக்கும் தெரியும்'னேன். அன்னைக்கு அவ்வளவுதான். மூணாவது தடவை போனப்பதான், அவர் வீட்டுக்கு வந்து செத்துப்போன ரெண்டு பேரைப் பத்தி அவரே சொன்னார். பேர், வருஷம், எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்திருந்தாங்க, எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கார். 'வண்டி இருந்தா நானே ஏத்தி அனுப்பியிருப்பேன்டா'ன்னார்.

இப்ப ஏற்பாடு இப்படி. ஊர்ல மூணு பைக். ராத்திரி முறை வெச்சிருக்கோம். மூணு பேர் நம்பரையும் பெரியவர் வீட்டுச் சுவர், பால் சொசைட்டி, ரேஷன் கடை, பம்பு செட்டு கொட்டாய்ல எல்லாம் பெயின்ட்ல எழுதிட்டோம். போலீஸ் ஸ்டேஷன்ல போய், ராத்திரியில மூணு பேர் ஒரே வண்டியில வந்தா இதுக்குத்தான்னு சொல்லி வெச்சுட்டோம். பெரியவர் பாடம் போடறதை நிறுத்தலை, நிறுத்துங்கன்னு நாங்களும் கேட்கலை. வண்டி வர்ற வரைக்கும் போடுவார், வண்டி வந்ததும் நிறுத்துவார். கயிறு கட்டுறதை மட்டும் விட்டுட்டார்.

ஒரு வருத்தமான விஷயம். பக்கத்துல இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் விஷமுறிவு மருந்து இருக்கான்னு கேட்டோம். இருக்குன்னாங்க. எத்தனை குப்பின்னு கேட்டதுக்குப் பதில் இல்லை. ஜூலையில ஒரு அண்ணனைக் கொண்டுபோனப்ப முதல் டோஸ் கூடப் போடாம, அடுத்த ஊருக்குக் கொண்டுபோங்கன்னு சீட்டு எழுதிக் கொடுத்துட்டாங்க. நல்லவேளை அது விஷம் ஏறாத கடி. டாக்டர் சார், இதுக்கு நாங்க என்ன செய்யணும்?

இரவுப்பணி | ஆகஸ்ட் 4, காலை 7:05

விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் முதல் டோஸைப் போட்ட பிறகுதான் மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும், அதுதான் முறை. ஆனால் வாசலில் நின்று சண்டை போடாதீர்கள், அந்த நேரமும் நோயாளியுடையது. சும்மா இருக்கும் பகல் வேளையில் போங்கள். ராத்திரியில் மருத்துவர் இருக்கிறாரா, மருந்து எத்தனை குப்பி, ஆக்சிஜனும் ஆம்பு பையும் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) இருக்கிறதா, மூணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும் என்பதை மழைக்கு முன்பே நீங்கள் முடிவு செய்துவிட வேண்டும்.

இன்னொன்று. பைக் கிளம்பும்போதே 108-க்கும் சொல்லிவிடுங்கள். எதிரில் வரும் ஆம்புலன்ஸில் நடுவழியில் மாற்றலாம். கட்டுவிரியன் கடித்து முழுங்க முடியாமல் இருப்பவரை பைக்கில் நெடுந்தூரம் கொண்டுபோவது ஆபத்து, எச்சில் மூச்சுக்குழலில் போய்விடும். தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கதிர்அரிவாள் | ஆகஸ்ட் 4, இரவு 9:40

கரும்புக்காடு, அன்னைக்கு நான் எழுதினதை இன்னும் மாத்திக்கலை. ஆனா அந்தப் பெரியவர் வீட்டுச் சுவத்துல நம்பர் எழுதியிருக்கிற படம் ஒண்ணு போட முடியுமா? எங்க ஊர்ல காட்டணும்.

கரும்புக்காடு | நவம்பர் 16, காலை 11:20

படம் அப்பவே தனியா அனுப்பிட்டேன் கதிர். இப்ப வேற ஒரு விஷயம் சொல்ல வந்தேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டு பத்துக்குப் போன். பெரியவர். 'தம்பி, கிழக்குத் தெருவுல ஒரு பொண்ணு. வயிறு வலிக்குதாம், வாந்தி எடுத்துருக்கு. தரையில படுத்திருந்துச்சு. கடிவாய் தெரியலை. கண்ணு சொருகுற மாதிரி இருக்கு. வண்டியை எடு.' அவ்வளவுதான் சொன்னார்.

நான் போறதுக்குள்ள அவரே பொண்ணோட மெட்டியைக் கழட்டி மாமியார் கையில கொடுத்துட்டார். சோடா வாங்கி வரக் கிளம்பின அந்த வீட்டு மருமகனை நிறுத்தி 108-க்குப் போன் போட வெச்சிருந்தார். பொண்ணை நடுவுல உட்கார வெச்சு, பின்னாடி மகளிர் குழு அக்கா தலையைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டாங்க. மழை தூறல். ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் எதிர்ல வந்துடுச்சு, மாத்தினோம். அப்பவே அந்தப் பொண்ணால பேச முடியலை. டாக்டர் சார் எழுதினது ஞாபகம் வந்து, அக்கா அந்தப் பொண்ணு காதுல, 'எல்லாம் கேட்குதுன்னு எங்களுக்குத் தெரியும், பயப்படாதே, பாப்பாவை நான் பார்த்துக்கறேன்'னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. ரெண்டு அம்பத்தஞ்சுக்கு ஆஸ்பத்திரி. மூணு மணிக்கு மூச்சுக் குழாய் போட்டாங்க.

நேத்து குழாயை எடுத்துட்டாங்க. குரல் கரகரன்னு இருக்கு. முதல்ல கேட்டது பாப்பாவை. அடுத்தது, 'யக்கா, வழியெல்லாம் பேசிக்கிட்டு வந்தது நீதானே'ன்னு.

விடிஞ்சதும் வீட்டுல போய்ப் பாயைச் சுருட்டிப் பார்த்தோம். ஒண்ணும் இல்லை. கொசுவலை வாங்கியிருந்தாங்க, ஆனா அன்னைக்குத் துவைச்சுக் காயப்போட்டது மழையில காயலை. நோட்டுல அதையும் எழுதி வெச்சிருக்கேன்.

நர்ஸக்கா | நவம்பர் 16, மதியம் 12:02

ரெண்டாவது வலை ஒண்ணு குழுவுல பொதுவா வெச்சுக்குங்க, துவைக்கிற அன்னைக்கு எடுத்துக்கலாம். கண்ணு கலங்குது தம்பி. பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

கரும்புக்காடு | நவம்பர் 16, இரவு 8:45

சொல்லிட்டேன் அக்கா. இப்ப ஒரு உதவி வேணும். மூணாவது பைக் வெச்சிருந்த பையனுக்குத் திருப்பூர்ல வேலை கிடைச்சுடுச்சு, வர்ற திங்கட்கிழமை கிளம்பறான். ரெண்டு வண்டியை வெச்சு ராத்திரி முறை பார்க்க முடியலை, எனக்கும் விடிஞ்சா கரும்பு வெட்டு. காலேஜ் பசங்க பரீட்சைக்குப் போயிட்டாங்க. உங்க ஊர்ல எல்லாம் இந்த மாதிரி நேரத்துல யாரைப் பிடிப்பீங்க?

மகளிர்குழு கணக்கு | நவம்பர் 16, இரவு 9:20

பால் வண்டி ஓட்டுறவரைக் கேளுங்க. எப்படியும் மூணரைக்கு எழுந்திருப்பார், வண்டியில எப்பவும் பெட்ரோல் இருக்கும், எல்லாத் தெருவும் தெரியும். எங்க ஊர்ல ரெண்டு வருஷமா அவர்தான். பெட்ரோல் காசு மட்டும் குழுவுல இருந்து மாசாமாசம் தவறாம கொடுத்துடுங்க. சுவத்துல எழுதின பழைய நம்பரை அழிச்சுட்டுப் புது நம்பரை நாளைக்கே எழுதிடுங்க, திங்கட்கிழமை வரைக்கும் வெக்காதீங்க.